ராகிக் கொல்லையிலிருந்து ஒரு சந்தேகம்: காதால் கேட்டே திமிங்கலத்தை எண்ணிவிட முடியுமா?

அஞ்செட்டி_பரண்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கொல்லை அஞ்செட்டி பக்கம், காட்டை ஒட்டியே இருக்கிறது. ராகி கதிர் பிடித்துவிட்டதால் ராத்திரியில் பரண் மேல்தான் குடித்தனம். தூங்கிவிடாமல் இருக்க போனில் எதையாவது கேட்டுக்கொண்டிருப்பேன். எட்டாவது படிக்கும் மகள் அறிவியல் கண்காட்சிக்காகத் திமிங்கலப் பாட்டு ஒன்றை இறக்கி, போன வாரம் எனக்கும் அனுப்பியிருந்தாள். கேட்டேன். முதலில் எண்ணெய் காணாத கதவு போல ஒரு கிறீச். அப்புறம் கன்றைப் பிரித்துக் கட்டினால் மாடு கத்துமே, அது போல. நடுவில் நீளமாக ஒரு முனகல். கீழே படுத்திருந்த நாய் எழுந்து காதை விடைத்துக்கொண்டு ஏணியையே பார்த்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அவள் எழுதிய குறிப்பில், ‘கடலுக்கடியில் மைக் வைத்துக் குரலைக் கேட்டு, திமிங்கலங்கள் எத்தனை இருக்கின்றன என்று கணக்கிடுகிறார்கள்’ என்று ஒரு வரி இருந்தது. அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. இங்கே இரண்டு யானை வந்து போனாலே இருபது யானை வந்ததாக ஊரில் பேச்சு. நான் இருபது வருஷமாகக் காதை நம்பித்தான் காவல் இருக்கிறேன். ஒரு பிளிறலை வைத்து எத்தனை உருப்படி என்று இன்றுவரை என்னால் சொல்ல முடிந்ததில்லை. கண்ணுக்கே தெரியாத கடலில் மட்டும் எப்படி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கண்காட்சியில் யாராவது கேட்டால் அவள் முழிக்கக் கூடாது.

பாலக்கோடு_பிளஸ்டூ

பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறேன், என் பங்குக்கு ஆரம்பித்து வைக்கிறேன்.

கடலில் கண்ணை வைத்துப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. 200 மீட்டர் இறங்குவதற்குள் வெளிச்சம் ஏறக்குறைய முடிந்துவிடும். ஒலிக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிற ஒலி கடல்நீரில் சுமார் 1500 மீட்டர் போகும். அதிலும் தாழ்ந்த சுருதியில் இருக்கும் ஒலி சீக்கிரம் தேயாது. நீலத் திமிங்கலத்தின் குரல் பெரும்பாலும் 10 முதல் 40 ஹெர்ட்ஸுக்குள் (விநாடிக்கு எத்தனை அதிர்வு என்ற அளவு) இருக்கும். மனிதக் காது 20-க்குக் கீழே கேட்காது. இணையத்தில் ‘நீலத் திமிங்கலக் குரல்’ என்று கிடைப்பதில் பலவும் நம் காதுக்காக வேகத்தைக் கூட்டிப் போட்டவை. உங்கள் மகள் அனுப்பியது அநேகமாகக் கூன்முதுகுத் திமிங்கலத்தின் பாட்டாக இருக்கும், அதை அப்படியே கேட்கலாம்.

இன்னொன்று. ஆழ்கடலில் ஒலி வேகம் குறைந்த ஓர் அடுக்கு உண்டு. வெப்பமான கடல்களில் அது ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும். அதற்குள் போன ஒலி மேலேயும் தப்பாமல் கீழேயும் தப்பாமல் வாய்க்கால் தண்ணீர் போல வளைந்து வளைந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். அதனால்தான் ஒரே ஒரு மைக் பெரிய கடற்பரப்புக்குக் காவல் இருக்க முடிகிறது.

எங்கே இருக்கிறது என்பதையும் கண்டுபிடிக்கலாம். நம் பக்கத்துக் கிரானைட் குவாரியில் வேட்டு வைத்தால் ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு நேரத்தில் சத்தம் வந்து சேருமில்லையா? மூன்று நான்கு இடத்தில் நேரத்தைத் துல்லியமாகக் குறித்துவைத்தால் வேட்டு எந்தக் குவாரியில் என்று காகிதத்தில் கோடு போட்டே சொல்லிவிடலாம். மைக்கைப் பல இடத்தில் வைப்பது அதற்குத்தான்.

ஆனால் எத்தனை என்ற கேள்விக்கு இது எதுவும் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

மாங்கூழ்_கிருஷ்ணகிரி

திமிங்கல எச்சம் கிலோ கோடிக்குப் போகுதாமே, அதையும் சேர்த்து எண்ணுங்க.

அரூர்_மட்டுறுத்துநர்

மாங்கூழ் தம்பி, அதை வைத்திருந்தாலே 1972 வனவுயிர் சட்டத்தில் கேஸ். இந்த இழையில் அந்தப் பேச்சு வேண்டாம்.

ஓசூர்_பேரிங்

நான் சிக்னல் புராசஸிங் படித்துவிட்டு இப்போது ஒரு தொழிற்சாலையில் அதிர்வு பார்க்கிற வேலையில் இருக்கிறேன். மோட்டார் மேல் சென்சாரை ஒட்டி, ஓடுகிற சத்தத்தைப் படமாக்கி, பேரிங் போகப்போகிறதா என்று சொல்ல வேண்டும். பழைய ஃபிட்டர் ஒருவர் ஸ்க்ரூடிரைவர் முனையை மோட்டாரில் வைத்து, பிடியைக் காதில் அழுத்தியே இதைச் சொல்லிவிடுவார். எனக்கு லேப்டாப் வேண்டும்.

திமிங்கலக்காரர்கள் செய்வதும் இதே வேலைதான். நேரத்தைக் குறுக்கே, சுருதியை மேலே வைத்து ஒலியைப் படமாக வரைவார்கள். அந்தப் படத்தில் ஒவ்வொரு இனமும் ஒவ்வொரு கையெழுத்து. துடுப்புத் திமிங்கலம் 20 ஹெர்ட்ஸில் கடிகாரம் போலத் துடிக்கும். கடற்படைக்காரர்கள் முதலில் அதைக் கேட்டபோது, இவ்வளவு ஒழுங்காக அடிக்கிறதே, எதிரி நாட்டு எந்திரமோ என்றெல்லாம் குழம்பினார்கள். 1964-ல்தான் அது திமிங்கலம் என்று எழுதி முடித்தார்கள். பிழைப்புக்குச் சத்தம் கேட்கிறவனாகச் சொல்கிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த கதை இது.

ஆக, ‘எத்தனை’ என்பதற்கு முன்னால் ‘யார்’ என்ற கேள்வி. அதற்குக் குரல் பிரமாதமாகப் பதில் சொல்கிறது. நீலத் திமிங்கலங்களில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பாட்டு. நம் பக்கத்துக் கடலையே எடுங்கள். இலங்கைப் பக்கத்து நீலத் திமிங்கலங்களின் பாட்டை லட்சத்தீவில் கவரத்தி அருகே மைக் போட்டுப் பதிவு செய்து 2021-ல் வெளியிட்டார்கள். அதே சமயத்தில் இந்தியப் பெருங்கடலில் சாகோஸ் தீவுகளைச் சுற்றி இன்னொரு பாட்டும் பிடிபட்டது. அதைப் பிடித்த மைக்குகள் திமிங்கலத்துக்காகப் போட்டவையே அல்ல. அணுகுண்டுச் சோதனையைக் கண்காணிக்க அங்கே டியேகோ கார்சியா தீவுப் பக்கம் போட்டவை. ஏறக்குறைய இருபது வருஷப் பதிவில் ஒரே பாட்டு வருஷா வருஷம் வந்துகொண்டிருக்கிறது. யாருக்கும் தெரியாமல் ஒரு கூட்டமே அங்கே குடியிருந்திருக்கிறது.

கோட்டை_காவல்

தேன்கனிக்கோட்டைக் காட்டில் வேட்டைத் தடுப்புக் காவலராக இருந்தவன். இப்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை, வீட்டோடு இருக்கிறேன். எழுதியதெல்லாம் படித்தேன், நன்றாக இருக்கிறது. எனக்கு இரண்டு கேள்வி.

ஒன்று. சத்தம் போடுகிற யானையால் எங்களுக்குப் பயம் கிடையாது. கூட்டம் வந்தால் மூங்கில் ஒடிகிற சத்தம், வயிற்றுக்குள்ளிருந்து உறுமுகிற சத்தம், எல்லாம் தூரத்திலேயே தெரியும். ஆளைக் கொல்வது சத்தமில்லாமல் நிற்கிற ஒற்றை. ஐந்தடி தள்ளி நின்றாலும் தெரியாது. ஒருமுறை சவளகிரி சரகத்தில் பாறை என்று நினைத்து டார்ச்சைத் தணித்தேன், பாறை காதை ஆட்டியது. கடலில் வாயைத் திறக்காத திமிங்கலத்தை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

இரண்டு. ஒன்றே நூறு தடவை கத்தினால் நூறு என்று எழுதுவார்களா?

நாங்கள் யானைக் கணக்கெடுப்புக்குப் போகும்போது கண்ணில் படுவதை மட்டும் எண்ணுவதில்லை. நேர்கோட்டில் நடந்து சாணத்தையும் எண்ணுவோம். கோட்டிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளிக் கிடக்கிறது, புதிதா, காய்ந்ததா, உதிர்ந்துவிட்டதா என்று எழுதுவோம். நூறு லத்தி கிடந்தால் நூறு யானை என்று எந்த மடையனும் எழுத மாட்டான்.

ஓசூர்_பேரிங்

ஐயா, மொத்த விஷயத்தையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். குரலை வைத்து எண்ணுவது அப்படியே சாணக் கணக்குதான்! நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, சூத்திரமே அண்ணன் தம்பி.

சாணக் கணக்கில் உங்களுக்கு என்னென்ன வேண்டும்? கிடந்த லத்தி எத்தனை, எவ்வளவு பரப்பில் தேடினீர்கள், ஒரு யானை நாளைக்கு எத்தனை தடவை போடும், போட்டது எத்தனை நாளில் மட்கும், கிடந்ததில் உங்கள் கண்ணுக்குத் தப்பியது எவ்வளவு. நாளைக்கு 15, 16 தடவை என்று வைத்துக் கணக்குப் போடுவார்கள் என்று படித்திருக்கிறேன், சரிதானே?

இங்கேயும் அதேதான். எத்தனை குரல் விழுந்தது. அதில் கப்பல் சத்தத்தைத் திமிங்கலம் என்று கருவி தப்பாக எண்ணியது எத்தனை. எத்தனை மணி நேரம், எவ்வளவு பரப்புக்குக் கேட்டோம். அந்தப் பரப்புக்குள் எழுந்த குரல்களில் எத்தனை பங்கு நம் மைக்குக்கு எட்டியது. கடைசியாக, ஒரு திமிங்கலம் மணிக்குச் சராசரியாக எத்தனை தடவை குரல் கொடுக்கும்.

சும்மா ஒரு உதாரணம். 10 மணி நேரத்தில் 600 குரல் விழுந்தது என்று வையுங்கள், எதுவும் தப்பவில்லை. ஒன்று மணிக்கு 20 தடவை கத்தும் என்றால் அங்கே இருப்பது 3. மணிக்கு 5 தடவைதான் கத்தும் என்றால் 12. பதிவு ஒன்றுதான். நடுவில் போட்ட ஒரு எண் மாறினால் மூன்று பன்னிரண்டாகிவிடும். அந்த எண்ணைக் கண்டுபிடிக்கத்தான் திமிங்கலத்தின் முதுகில் உறிஞ்சு கிண்ணம் வைத்த பதிவுக் கருவியை ஒட்டி, அது எப்போது வாயைத் திறக்கிறது, எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறது என்று மணிக்கணக்காகப் பார்க்கிறார்கள். பஹாமாஸ் பக்கம் அலகுத் திமிங்கலங்களை இப்படி எண்ணி 2009-ல் ஒரு ஆய்வு வந்தது. அவை மேலே வருவதே அபூர்வம், கண்ணை நம்பினால் ஒன்றும் கிடைக்காது.

வாயைத் திறக்காததைப் பற்றிக் கேட்டீர்கள். அதுதான் இந்த முறையின் பெரிய ஓட்டை. கூன்முதுகில் பாடுவது ஆண் மட்டும். நீலத்திலும் பாட்டு ஆணுடையது என்றுதான் இதுவரை தெரிந்தது. குட்டியோடு இருக்கும் தாய் கிட்டத்தட்ட கிசுகிசுக்கும். பக்கத்தில் இருக்கும் குட்டிக்குக் கேட்டால் போதும், கொல்லவரும் ஓர்காவுக்கு, அதாவது கொலைகாரத் திமிங்கலத்துக்கு, கேட்கக் கூடாது. ஆகப் பாட்டை வைத்து எண்ணினால் ஆம்பளைக் கணக்குதான் வரும். பொம்பளைகளையும் பிள்ளைகளையும் வேறு வழியில்தான் சேர்க்க வேண்டும்.

விந்துத் திமிங்கலம் இந்த விஷயத்தில் தங்கம். இரை தேடி முங்கினால் ஆணானாலும் பெண்ணானாலும் விநாடிக்கு ஒன்றிரண்டு என்று டிக் டிக் என அடித்துக்கொண்டே போகும். இருட்டில் அதற்கு அதுதான் டார்ச்.

கோட்டை_காவல்

15, 16 என்பது சரிதான் தம்பி. ஆனால் மழைக்காலம் வந்தால் கணக்கே குட்டிச்சுவர். சாணவண்டு இரண்டு நாளில் உருட்டிக்கொண்டு போய்விடும். கோடையில் எடுத்த எண்ணை மழைக்கு வைத்தால் காட்டில் யானையே இல்லை என்று வரும். கடலில் அந்த மாதிரி வம்பு இல்லையா?

ஓசூர்_பேரிங்

இருக்கிறது ஐயா, இதைவிட மோசமாகவே இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் கூன்முதுகுகள் வேட்டையில் அழிந்து, பிறகு மெல்ல மீண்டன. 1997-ல் சுமார் 3,700. 2015-ல் சுமார் 27,000. ஏழு மடங்கு. பாட்டும் ஏழு மடங்கு ஆகியிருக்க வேண்டுமே? ஆகவில்லை. ஆண்களில் பாடுகிறவற்றின் பங்கு குறைந்துவிட்டது. ஆள் குறைவாக இருந்த காலத்தில் பெண்ணைத் தேடிப் பாடிக்கொண்டிருந்தவை, கூட்டம் பெருகியதும் பாட்டை விட்டுவிட்டு ஒன்றையொன்று முட்டித் தள்ளி ஜோடி சேரப் போய்விட்டன. 2023-ல் வெளிவந்த ஆய்வு. 1997-ன் பாடும் விகிதத்தை வைத்துக்கொண்டு 2015-ன் பதிவை எண்ணியிருந்தால் இருப்பதைவிடக் குறைவாகத்தான் வந்திருக்கும். உங்கள் சாணவண்டு மாதிரிதான்.

அதோடு, உலகம் முழுக்க நீலத் திமிங்கலப் பாட்டின் சுருதி 1960-களிலிருந்து வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வருகிறது. ஏன் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். பழைய சுருதிக்கு அமைத்த மென்பொருளை அப்படியே விட்டுவைத்தால் புதுப்பாட்டு அதன் வலையில் விழாது. நானும் ஒரு மோட்டாரில் இப்படி ஏமாந்திருக்கிறேன். வேகத்தை மாற்றியிருந்ததை யாரும் சொல்லவில்லை, பழைய அளவை வைத்து ‘பேரிங் நன்றாக இருக்கிறது’ என்று எழுதிக் கொடுத்தேன். நாலாம் நாள் லைன் நின்றது.

வகுத்தப்பட்டி_தமிழம்மா

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். திமி என்றால் பெரிய மீன். அதையே விழுங்குவது திமிங்கிலம். அந்தத் திமிங்கிலத்தையும் விழுங்குவது திமிங்கிலகிலம் என்று பழைய சொல்வழக்கு. கடலையே பார்க்காத நம் ஜில்லாக்காரர்கள் இவ்வளவு எழுதுவதைப் பார்க்க சந்தோஷமாக இருக்கிறது. 2016 ஜனவரியில் மணப்பாடு கரையில் 80-க்கும் மேல் ஒதுங்கினவே, அவையும் திமிங்கலம்தானே? அப்போது என் அக்கா திருச்செந்தூரில் இருந்தாள், போய்ப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை.

பாலக்கோடு_பிளஸ்டூ

ஆமாம் அம்மா. அவை குறுந்துடுப்புப் பைலட் திமிங்கலங்கள், ஓங்கில் (டால்ஃபின்) குடும்பத்தைச் சேர்ந்தவை. 1973-லும் அதே கரையில் ஒதுங்கியிருக்கின்றன. அது பெரிய கதை, தனி இழை போடுங்கள், வருகிறேன்.

கப்பல்காரன்_பர்கூர்

சரக்குக் கப்பலில் எஞ்சின் ரூம் வேலை. ஆறு மாசம் கடல், மூணு மாசம் பர்கூர். எல்லோரும் திமிங்கலம் பாடுவதைப் பற்றியே பேசுகிறீர்கள், அது பாடும்போது நாங்கள் போடும் கூத்தைப் பற்றியும் சொல்ல வேண்டுமல்லவா?

எஞ்சினைவிட ப்ரொப்பெல்லர்தான் பெரிய சத்தக்காரன். வேகமாகச் சுற்றும்போது இலையின் பின்னால் தண்ணீர் கொதிப்பது போலக் குமிழி கிளம்பி உடனே உடையும். ஒவ்வொன்றும் ஒரு சின்ன வேட்டு. நாள் பூரா, கோடிக் கணக்கில். அந்த இரைச்சலின் பலத்தில் பெரும்பகுதி பெரிய திமிங்கலங்கள் பேசும் அதே தாழ்ந்த சுருதியில் விழுகிறது. ஒரே மைக் பெரிய கடற்பரப்புக்குக் காவல் இருக்கும் என்று பாலக்கோடு சார் சொன்னாரே, கப்பல் வந்தால் அந்தப் பரப்பு சுருங்கிவிடும். திமிங்கலத்துக்கும் அதே கதிதான், கூப்பிடுகிற தூரம் குறைந்துவிடும்.

2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு சில நாள் கப்பல் போக்குவரத்து குறைந்தபோது, கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் கடல் இரைச்சல் 6 டெசிபெல் இறங்கியது. அங்கே இருந்த ரைட் திமிங்கலங்களின் உடம்பில் மன அழுத்த ஹார்மோனும் அந்த நாட்களில் குறைந்திருந்தது. அதை எதில் அளந்தார்கள் தெரியுமா? கோட்டை ஐயாவுக்கு இது பிடிக்கும். திமிங்கலச் சாணத்தில்! தண்ணீரில் மிதப்பதை, படகு முனையில் மோப்ப நாயை நிறுத்தித் தேடிப் பிடித்திருக்கிறார்கள்.

குரலைக் கேட்பதால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் பாஸ்டன் ஒரு பதில். துறைமுகத்துக்குப் போகும் கப்பல் பாதை நெடுக 2008-ல் 10 மிதவைகள் போட்டார்கள். கீழே மைக். ரைட் திமிங்கலம் ‘ஊவ்ப்’ என்று மேலேறும் ஒரு கூவல் கொடுக்கும். அது விழுந்ததும் மிதவை செய்தி அனுப்பியது, எரிவாயுக் கப்பல்கள் வேகத்தை 10 நாட் (மணிக்குச் சுமார் 18.5 கிலோமீட்டர்) ஆகக் குறைக்க வேண்டியிருந்தது. அந்த இனத்தில் மிச்சம் இருப்பதே 400-க்குள். ஒன்று அடிபட்டாலும் பெரிய இழப்பு. அங்கே எத்தனை என்ற கேள்வியே எழவில்லை. ‘இருக்கிறது’ என்று ஒரு வார்த்தை தெரிந்தால் கேப்டனுக்குப் போதும்.

நம்ம ஆள் ஒருவர் பிரிட்ஜில் இருந்துகொண்டு ‘பத்து நாட்டா, ஷெட்யூல் என்னாவது’ என்று புலம்பியதையும் கேட்டிருக்கிறேன். எந்தக் கப்பல் என்று கேட்காதீர்கள், எனக்கு வேலை வேண்டும்.

அஞ்செட்டி_பரண்

இப்போது புரிகிற மாதிரி இருக்கிறது. எங்களுக்கும் அதேதான். யானை எத்தனை என்பது அதிகாரிகளுக்குத் தேவை. இன்று ராத்திரி கீழ்க்காட்டில் இருக்கிறதா இல்லையா என்பதே எனக்குப் பெரிசு.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. இவ்வளவு ஓட்டை உள்ள கணக்கை வைத்துக்கொண்டு ‘இந்த இனம் அழிகிறது’ என்று எப்படித் தைரியமாகச் சொல்கிறார்கள்?

ஓசூர்_பேரிங்

அண்ணா, ஓட்டை ஒரே அளவில் இருந்தால் ஏற்ற இறக்கம் தெரியும். தப்பான தராசில் மூட்டையை நிறுத்தாலும், போன வருஷத்தைவிட இந்த வருஷம் பாதி என்றால் பாதிதான். தராசை நடுவில் மாற்றாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மெக்சிகோவில் கலிஃபோர்னியா வளைகுடாவின் மேல்முனையில் வாக்கிட்டா என்று ஒரு சின்னக் கடற்பன்றி இருக்கிறது. திமிங்கலத்தின் சொந்தக்காரன், ஒன்றரை மீட்டர்கூட இருக்காது. படகைக் கண்டால் ஒதுங்கிவிடும். கண்ணால் எண்ணுவது பெரும்பாடு. ஆனால் இடைவிடாமல் ‘டிக்’ ஒலி எழுப்பும். 2011 முதல் வருஷா வருஷம் அதே இடங்களில், அதே கருவியை, அதே மாதங்களில் போட்டுக் கேட்டார்கள். டிக் எண்ணிக்கை சரிந்தது, அதுவும் எப்படி? 2016 வரைக்கும் கிட்டத்தட்ட தொண்ணூறு சதவீதம். 2016 நவம்பரில் சுமார் 30 மட்டுமே மிச்சம் என்று கணக்கிட்டார்கள். வேறொரு மீனுக்காகப் போட்ட செவுள் வலையில் மாட்டிச் செத்தவைதான் மற்றவை. அந்தச் சரிவைக் கண்ணால் பார்த்துச் சொல்லக் காத்திருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

வேறு விதமாகவும் சொல்லலாம். வேட்டைக் காலத்தில் எண்ணிக்கை சொன்னவர்கள் வேட்டைக்காரர்களே. சோவியத் கப்பல்கள் பிடித்ததில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கணக்கில் காட்டவே இல்லை என்று பின்னால் வெளிவந்தது. மைக்குக்குப் பொய் சொல்லத் தெரியாது. தப்பாக எண்ணினால் அது நாம் செய்த தப்பு.

பாலக்கோடு_பிளஸ்டூ

யானை, திமிங்கலம் இரண்டையும் சேர்த்துப் பேசுகிறோம், ஆனால் அந்த இரண்டையும் உண்மையிலேயே முடிச்சுப் போட்ட ஒருவரை யாரும் சொல்லவில்லையே. கேட்டி பெயின். கணவர் ரோஜர் பெயினோடு சேர்ந்து கூன்முதுகுகளின் பாட்டு வருஷா வருஷம் மாறுவதை ஆராய்ந்தவர். 1984-ல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் மிருகக்காட்சிசாலையில் ஆசிய யானைகளுக்குப் பக்கத்தில் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தார். காதில் ஒன்றும் விழவில்லை, ஆனால் காற்றில் ஏதோ தடதடவென அதிர்வது போல உடம்புக்குப் பட்டது. சின்ன வயதில் தேவாலயப் பாடல் குழுவில் நின்றபோது ஆர்கனின் மிகத் தாழ்ந்த குழாய் ஊதினால் இதே போல இருக்கும் என்று அப்புறம் ஞாபகம் வந்திருக்கிறது. பதிவை வேகமாக ஓட்டிப் பார்த்தால், மனிதக் காதுக்கு எட்டாத சுருதியில் யானைகள் பேசிக்கொண்டிருக்கின்றன. 1986-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. ஆப்பிரிக்கக் காடுகளில் மரத்துக்கு மரம் ரெக்கார்டர் கட்டி யானையைக் கண்காணிக்கும் வேலை அங்கிருந்து கிளம்பியதுதான்.

அஞ்செட்டி அண்ணா, நீங்கள் பரணில் ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்று உட்கார்ந்திருக்கும் ராத்திரிகளிலும் கீழே பேச்சு நடந்துகொண்டிருக்கலாம்.

கோட்டை_காவல்

நெஞ்சுக்குள் தம்மென்று ஒன்று வரும். எத்தனையோ தடவை வந்திருக்கிறது. பயத்தில் என் நெஞ்சுதான் அடிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்லடி_பேத்தி

நான் தருமபுரியில் பிறந்து வளர்ந்தவள். என் அம்மம்மா மட்டக்களப்புக் கல்லடி. அங்கே வாவியில் மீன் பாடும் என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தா. பௌர்ணமி இரவில் தோணியை நிறுத்தி, துடுப்பை நீருக்குள் விட்டு, மேல்முனையைக் காதோடு சேர்த்துப் பிடித்தால் வீணையைத் தட்டிவிட்ட மாதிரி ‘ம்ங்’ என்று கேட்குமாம். ஊருக்கே மீன்பாடும் தேன்நாடு என்று பேர். ஓசூர் அண்ணா சொன்ன ஸ்க்ரூடிரைவர் ஃபிட்டரைப் படித்ததும் அம்மம்மாதான் ஞாபகத்துக்கு வந்தா. மைக் வாங்கக் காசில்லாத பிள்ளைக்குத் துடுப்பு போதாதா?

ஓசூர்_பேரிங்

தாராளமாகப் போதும். மைக் செய்துதான் பார்ப்பேன் என்றால் என் அனுபவத்தைக் கேளுங்கள். பஸ்ஸரில் இருக்கும் பித்தளைத் தகட்டில் ஒயரைப் பற்றவைத்து, மேலே எம்-சீல் பூசி, மறுமுனையை ரெக்கார்டரில் சொருகி, மாமனார் வீட்டுக் கிணற்றில் இறக்கினேன். தவளை கேட்கும் என்று ஆசை. கேட்டதெல்லாம் ‘ம்ம்ம்ம்’ என்று ஒரே ரீங்காரம். படம் போட்டுப் பார்த்தால் 50 ஹெர்ட்ஸ், நம் கரண்ட்! பக்கத்து போர் மோட்டாரிலிருந்து ஏறியிருக்கிறது. 52 ஹெர்ட்ஸில் தனியாகப் பாடிய திமிங்கலம் ஒன்றின் குரல் 1989-ல் முதலில் பிடிபட்டு, அப்புறம் பேர்பெற்றது. நம் ஊர்க் கிணற்றுக்கு வந்தால் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. மூன்றாவது முறை இறக்கும்போது எம்-சீலுக்குள் தண்ணீர் போய்விட்டது. மாமனார் இன்றுவரை ‘திமிங்கலம் கிடைத்ததா மாப்பிள்ளை’ என்கிறார்.

பரிசல்_பென்னாகரம்

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறேன். அருவிக்குக் கீழே துடுப்பைக் காதில் வைத்தால் காது போய்விடும், இரைச்சல் அப்படி. அமைதியான தண்ணீர் வேண்டுமென்றால் மேட்டூர் தேக்கத்துக்கு, நாகமரைத் துறைக்கு வாருங்கள். மச்சான் அங்கேதான் இருக்கிறான். பாப்பாவையும் கூட்டி வரலாம்.

அஞ்செட்டி_பரண்

போய்விட்டு வந்தோம். விடிவதற்கு முன்னாலேயே துறைக்குப் போய்ச் சேர்ந்தோம். தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. மச்சான் துடுப்பைத் தண்ணீருக்குள் செங்குத்தாக இறக்கிப் பிடித்துக்கொள்ள, மகள் மேல்முனையில் காதைப் பதித்தாள். முதலில் ஒன்றும் இல்லை என்றாள். பரிசல் விளிம்பை நான் விரலால் தட்டியதும் திடுக்கிட்டு, ‘அப்பா, தலைக்குள்ளே தட்டற மாதிரி இருக்கு’ என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, ‘மோட்டார்’ என்றாள். எனக்கு ஒரு சத்தமும் இல்லை. மச்சான் எதிர்க்கரையைப் பார்த்தான், அங்கேயும் ஒன்றும் காணோம். அவள் கண்ணை மூடிக்கொண்டு ‘டுக்டுக்டுக், வந்துட்டே இருக்கு’ என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சுமார் ஒரு நிமிஷம் கழித்துப் பண்ணவாடிப் பக்கம் மூக்கைத் திருப்பிக்கொண்டு ஒரு படகு வந்தது. அப்புறம்தான் என் காதுக்கும் எட்டியது.

‘எத்தனை படகு?’ என்று கேட்டேன். ‘ஒண்ணு’ என்றாள். பின்னாலேயே எஞ்சினை நிறுத்திவிட்டு, துடுப்புப் போட்டு இன்னொன்று வந்துகொண்டிருந்தது.

கண்காட்சி அட்டையில் இடது பக்கம் சாணக் கணக்கு, வலது பக்கம் குரல் கணக்கு, நடுவில் இரண்டு படகு வரைகிறாள். ஆசிரியை ‘சாணம்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்கிறாராம். கோட்டை ஐயா, அதற்கு ஆபீசில் மரியாதையாக என்ன எழுதுவீர்கள்?

கோட்டை_காவல்

லத்தி என்று எழுதச் சொல்லு. எடுக்க மட்டும் விடாதே.